ஊழி வெள்ளமும் இறையியல்பும்



2022ஆம் ஆண்டு ஆடித் திங்களில், பதினெட்டாம் பெருக்கை ஒட்டிக் காவிரி கரைகடந்து வந்தது நம்மிற் பலர்க்கும் நினைவிருக்கும். மேட்டூர் அணை நிரம்பி வழிய, நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கன அடி நீர் கீழிறங்கிற்று. ஆற்றை வணங்கும் அந்நாளிலேயே ஆற்றில் இறங்கலாகாது என்று பல துறைகளில் தடுத்துவிட்டனர். குமாரபாளையம், பள்ளிபாளையம் முதலிய ஊர்களிற் கரையோர வீடுகளுள் நீர் புகுந்தது. மக்கள் பள்ளிகளிலும் திருமண மண்டபங்களிலும் தங்க நேர்ந்தது.

அம்மண்டபங்களுள் ஒன்றில் நம் மரபினர் குடும்பங்கள் சில இருந்தமையால், அரிசியும் பாயும் கொண்டு சென்றவர்களோடு யானும் சென்றேன். அங்கே, கணவரும் மக்களும் இன்றித் தனித்துத் தார் சுற்றிப் பிழைக்கும் மூதாட்டி ஒருவர், என்னைக் கண்டதும் அருகழைத்து, "ஏனுங்க வாத்தியாரே, சாமி எதுக்குங்க இப்படிப் பண்ணுச்சு?" என்று வினவினார். யான் வாய் திறக்குமுன், உடன் வந்த நம் ஊர்ப் பெரியவர் ஒருவர், "ரெண்டு வருசம் பூச்சாட்டு நின்னு போச்சு. ஆத்தா சும்மா இருப்பாளா?" என்று விடை கூறிவிட்டார். பெருந்தொற்றின் பொருட்டு 2020, 2021 ஆகிய ஈராண்டும் விழா நின்றது உண்மை. மூன்றாம் ஆண்டிலும் உட்பூசலால் அது குறைவாகவே நடந்ததும் உண்மை. ஆதலால் அவ்விடை அங்கிருந்தார் அனைவர்க்கும் பொருந்திய விடையாகவே தோன்றிற்று. மூதாட்டியார் தலை கவிழ்ந்து, "ஆமாங்க, தப்புத்தானுங்க" என்றார். விழாவை நிறுத்தியவர் அவரல்லர். நீரில் வீட்டை இழந்தவரோ அவரே.

செய்தி அத்துடன் நிற்கவில்லை. குற்றம் தீரப் பரிகார விழா எடுக்க வேண்டுமென்றும், அதற்கு ஒவ்வொரு குடும்பத்தாரும் தலைக்கட்டு வரி செலுத்த வேண்டுமென்றும், வெள்ளத்தில் வீடிழந்தோரும் அதற்கு விலக்கல்லர் என்றும் ஒரு கருத்து எழுந்தது. தெய்வச் சினம் எவர்மேல் விழுந்ததோ அவரே முதற்கண் செலுத்துவது முறை என்றுகூடச் சிலர் கூறினர். ஆவணியிற் கூடிய கூட்டத்தில் என்னையும் பேசச் சொன்னார்கள். அன்று யான் பேசியது சிறிது. பேச எண்ணிப் பேசாது விட்டது பெரிது. அதனை எழுதித் தருமாறு இதழாசிரியர் பலகால் கேட்டும், பள்ளித் தேர்வு விடைத்தாள்களைக் காரணங் காட்டி நாட்கடத்தி வந்தேன். இப்பொழுது எழுதுகின்றேன்.

வெள்ளம் வந்தால் அதனை விடுத்தவர் யார் என்று கேட்பது மக்கட்கு இயல்பு. உலகின் மிகப் பழைய எழுத்துக்களிலேயே அக்கேள்வி இருக்கின்றது. இலண்டன் நகரத்துப் பிரித்தானிய அருங்காட்சியகத்தில் ஜார்ஜ் ஸ்மித் என்பார் ஒருவர் இருந்தார். இவர் கல்லூரி ஏறியவரல்லர். பணத்தாள் அச்சிடுதற்குரிய தகடு செதுக்கும் தொழில் பயின்றவர். உணவு இடைவேளைகளில் அருங்காட்சியகம் சென்று, நினிவே நகரத்து மண்ணிலிருந்து எடுத்த களிமண் ஏடுகளைத் தாமே படிக்கக் கற்றார். கைத்தொழில் மரபிற் பிறந்த நம் பிள்ளைகள் இவர் வரலாற்றை அறிதல் நன்று. 1872ஆம் ஆண்டு அவ்வேடுகளுள் ஒன்றில், பெருவெள்ளமும், ஒரு மரக்கலமும், அது மலைமேல் தங்கியதும், நிலம் தேடிப் பறவைகளை விடுத்ததும் எழுதப்பட்டிருக்கக் கண்டார். விவிலியத்து நோவாவின் கதையோடு ஒத்த இக்கதை அதனினும் பழையது என்பது தெரிந்தபொழுது ஐரோப்பா வியந்தது. கில்காமேஷ் காப்பியத்தின் 11ஆம் ஏடு என இன்று வழங்குவது இதுவே.

அவ்வெள்ளத்தை விடுத்தவர் யார்? அந்நாட்டுத் தேவர்கள். ஏன் விடுத்தனர்? இதனினும் பழைய பாபிலோனிய நூலாகிய அத்ரகாசிஸ் கூறும் காரணம் வியப்புக்குரியது. மக்கள் பெருகி இரைச்சலிட்டமையால் என்லில் என்னும் தேவனுக்கு உறக்கம் கெட்டதாம்! வெள்ளம் பெருகியபின் அத்தேவர்களே அஞ்சி ஓடி நாய்போல் ஒடுங்கினர் என்றும், தப்பியவன் வேள்வி செய்தபொழுது ஈக்கள்போல் மொய்த்தனர் என்றும் கில்காமேஷ் நூல் கூறுகின்றது. இஃது எள்ளி நகையாடற்கு எழுதியதன்று. யூப்பிரத்தீசு, தைக்ரீசு ஆறுகள் எந்நாளில் எவ்வாறு பெருகும் என்று அறிய மாட்டாத உழவர், தம் தேவர்களையும் அவ்வாறுகளைப்போலவே கண்டனர், அவ்வளவே.

எபிரேயர் இக்கதையை ஏற்றபொழுது தேவர் பலர் ஒருவராயினர். உறக்கக் கேடு ஒழிந்து, மாந்தர் தீமையும் வன்செயலும் காரணமாயின. இஃது இறையைப் பற்றிய எண்ணத்தில் ஒரு பெரிய ஏற்றம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அந்நூலிலேயே கூர்ந்து நோக்கத்தக்க ஓரிடம் உண்டு. மக்கள் உள்ளம் தீயது என்பது வெள்ளம் விடுத்தற்குக் காரணமாக முன்னர்க் கூறப்படுகின்றது. வெள்ளம் வடிந்தபின், மக்கள் உள்ளம் தீயது என்ற அதே காரணம் பற்றியே இனி வெள்ளம் விடேன் என்று இறைவன் உறுதி கூறுகின்றான். எழுதினார் உள்ளத்தும் தண்டனை என்ற விடை அமைதி பெறவில்லை என்று யான் கொள்கின்றேன்.

1929ஆம் ஆண்டு லெனார்டு ஊலி என்னும் அகழ்வாராய்ச்சியாளர் ஊர் என்னும் பழம்பதியை அகழ்ந்தபொழுது, எட்டடிக்கு மேற்பட்ட கனமுள்ள தூய வண்டற் படிவைக் கண்டு, நோவாவின் வெள்ளம் இதுவே என்றார். பின்னர்க் கீஷ், சுருப்பாக்கு முதலிய இடங்களிலும் வண்டற் படிவுகள் கிடைத்தன. அவை வேறுவேறு காலத்தன. ஆகவே உலகமெல்லாம் மூடிய வெள்ளம் ஒன்றன்று. ஓரோர் ஊரை ஓரோர் காலத்து ஆறு கொண்டதே அங்கு நிகழ்ந்தது. தன் ஊர் மூழ்கினார்க்கு உலகமே மூழ்கியது என்று தோன்றுதல் இயல்பே. அம்மண்டபத்தில் இருந்தோர் சொல்லும் அவ்வாறே இருந்தது.

நிற்க. நம் நாட்டு நூல்களை நோக்குவோம். வடமொழியிற் கிடைக்கும் மிகப் பழைய வெள்ளக் கதை சதபத பிராமணத்தில் உள்ளது. மனு என்பவன் காலையிற் கைகழுவ நீரை எடுத்தபொழுது, சிறு மீன் ஒன்று அவன் கையகப்பட்டது. "பெரிய மீன் சிறிய மீனை விழுங்கும், யான் வளருமளவும் என்னைக் காப்பாயாக, யான் உன்னைக் காப்பேன்" என்பது அது கூறியதன் கருத்து. மனு அதனை முதலிற் குடத்திலும், பின் குழியிலும் வளர்த்து, இறுதியிற் கடலில் விட்டான். வெள்ளம் வந்த காலத்து அம்மீன் தன் கொம்பிற் கட்டிய கயிற்றால் அவன் மரக்கலத்தை இழுத்து வடமலையிற் சேர்த்தது. கதை இவ்வளவே.

இதன்கண் இருப்பவற்றினும் இல்லாதவை பெரியன. வெள்ளம் ஏன் வந்தது என்று அந்நூல் கூறவே இல்லை. எவரும் பாவம் செய்ததாக இல்லை. எத்தேவரும் சினந்ததாக இல்லை. வெள்ளம் வரும் என்பது மட்டுமே உண்டு. மேலும் அம்மீன் திருமால் என்றும் அந்நூல் கூறவில்லை, அது மீனே. மாபாரதத்தில் அம்மீன் தன்னைப் பிரமன் என்று கூறுகின்றது. மச்ச புராணத்திலும் பாகவதத்திலும் அது திருமால் ஆகின்றது. நூல்கள் காலத்தாற் பிற்படப் பிற்பட, இழுத்துச் சென்ற மீன் மேலும் மேலும் பெரிய தெய்வமாக உணரப்பட்டது. மக்கள் இறைமையை வெள்ளத்தில் வைத்துக் காணாமல், மரக்கலத்தை இழுத்த கயிற்றின் மறுமுனையில் வைத்துக் கண்டனர் என்பது இதனாற் புலனாம்.

பாகவதம் நமக்கு உரிய செய்தி ஒன்றையும் கூறுகின்றது. அங்கு மீனைக் கையில் ஏந்தியவன் சத்தியவிரதன் என்னும் திராவிட நாட்டு அரசன். அவன் நீர்க்கடன் ஆற்றிக்கொண்டிருந்தது கிருதமாலை ஆற்றில். கிருதமாலை வையையே எனக் கொள்வர். மச்ச புராணமும் மனு தவம் செய்த இடத்தை மலய மலை என்று தெற்கே வைக்கின்றது. இதுகொண்டு, உலகத்து வெள்ளக் கதைகளெல்லாம் தமிழகத்திற் பிறந்தன என்று முழங்குவாரும் உளர், அது மிகை. கதை தெற்கே வந்து நம் ஆற்றங்கரையில் வேரூன்றியது என்பதே கொள்ளத்தக்கது.

இனித் தமிழ் நூல்கள். கடல்கோள் என்னும் சொல் நம்மவர்க்கு மிகவும் பழகியது. இறையனார் களவியலுரை, முதற் சங்கம் இருந்த மதுரையையும் இடைச்சங்கம் இருந்த கபாடபுரத்தையும் கடல் கொண்டது என்று கூறுகின்றது. சிலப்பதிகாரம் பஃறுளி யாறும் குமரிக்கோடும் கடல்வாய்ப் பட்டதைக் குறிக்கின்றது. கலித்தொகையில் ஒரு பாண்டியன், கடல் தன் நிலத்தைக் கொண்டமையால், சேர சோழர் நாடுகளை வென்று அக்குறையை நிரப்பினான் என்ற குறிப்பு உண்டு. இவ்விடங்களில் எங்கேனும் இறைவன் சினந்தான் என்ற பேச்சு உண்டோ எனின், இல்லை. கடல் கொண்டது, அரசன் நிலம் தேடினான், புலவர் மறுபடியும் கூடினர். எவ்வளவு பெரிய இழப்பை எவ்வளவு குறைந்த சொல்லால் தாங்கினர் நம் முன்னோர்!

இக்கடல்கோளைப் பற்றி ஒரு சொல். பிலிப் ஸ்கிளேட்டர் என்னும் விலங்கு நூலார் 1864ஆம் ஆண்டு, லெமூர் என்னும் விலங்கு மடகாசுகரிலும், அதன் இனத்தன இந்தியாவிலும் இருத்தற்குக் காரணங் காட்ட, இலெமூரியா என்றொரு பெருநிலம் கடலுள் மூழ்கியது என்றார். நம்மவர் சிலர் அதனைக் குமரிக்கண்டத்தோடு இணைத்து மகிழ்ந்தனர். யானும் இளமையில் அவ்வாறு மகிழ்ந்தவனே. 1960களிற் கண்டத் தட்டுகள் நகர்கின்றன என்ற நிலநூற் கொள்கை நிலைபெற்றபின் அப்பெருநிலம் தேவையற்றுப் போயிற்று. ஆயினும் இறுதிப் பனியூழியில், ஏறத்தாழ 20,000 ஆண்டுகட்கு முன், கடல்மட்டம் இன்றையினும் சுமார் 120 மீட்டர் தாழ்ந்திருந்தது என்பதும், பின்னர் அது படிப்படியே உயர்ந்து கரைநிலங்களைக் கொண்டது என்பதும் உறுதியானவை. பெருங்கண்டம் வேண்டா; கரையோர ஊர் ஒன்று போதும், கதை பிறப்பதற்கு.

நம் பெரியவர் கூறிய விடைக்குத் தமிழிற் சான்று இல்லையோ எனின், உண்டு, மறைத்தல் நேர்மையன்று. அது மணிமேகலையில் உள்ளது. காவிரிப்பூம்பட்டினத்தில் ஆண்டுதோறும் நடந்துவந்த இந்திர விழா ஓராண்டு நின்றது. அதனாற் சாபம் எய்தி நகரைக் கடல் கொண்டது. பூச்சாட்டு நின்றது, ஆறு வந்தது என்பதற்கு இதனினும் நெருங்கிய ஒப்புமை வேண்டுமோ? பெரியவர் மணிமேகலை கற்றவரல்லர். ஆயினும் அவர் சொல் அந்நூலளவு பழையது.

ஆனால் விழா ஏன் நின்றது என்பதையும் அந்நூல் கூறுகின்றது. சோழன் நெடுமுடிக்கிள்ளி நாகநாட்டு அரசன் மகள் பீலிவளையை விரும்பினான். அவள் ஈன்ற குழந்தையைக் கம்பளச் செட்டி என்னும் வணிகனிடம் ஒப்புவித்து மரக்கலத்தில் அனுப்பினாள். இரவிற் கலம் கரையருகே உடைந்தது, குழந்தையைக் காணவில்லை. அரசன் கடற்கரையெல்லாம் தேடித் திரிந்தான். அத்துயரில் விழாவை மறந்தான். மகனைக் கடலிற் பறிகொடுத்த தந்தை ஒருவன் கரையில் அலைகின்றான்; விழா எடுக்கவில்லை என்பதற்காக அவன் நகரையும் அதே கடல் கொள்கின்றது. இதனை இறைவன் செயல் என்று யாம் கொள்வோமாயின், அவ்விறைவனினும் அக்கரையில் மீன் விற்ற பெண்டிர் இரக்கமுடையர் என்று சொல்ல வேண்டிவரும்.

இக்குற்றத்தை நூலாசிரியர் அறியாதவரல்லர். மணிமேகலை புத்த சமயக் காப்பியம். அந்நெறியில் இந்திரன் முழுமுதற் கடவுள் அல்லன். தன் வினை தீர்ந்தவழித் தானும் பதவி இழக்கும் ஒரு தேவனே. அவன் விழாவுக்கு ஏங்குதலும், சினத்தலும், சபித்தலும் அவன் குறைவைக் காட்டுவனவேயன்றி நிறைவைக் காட்டுவனவல்ல. இன்னும் ஒன்று. அச்சாபத்தொடு தொடர்புடைய மணிமேகலா தெய்வமே கடலைக் காக்கும் தெய்வம். கலம் உடைந்து நீரில் தவிக்கும் நல்லோரை எடுத்துக் கரைசேர்ப்பது அதன் தொழில். மகாசனக சாதகத்திலும் கடலில் நீந்தித் தளர்ந்தவனை அத்தெய்வமே எடுத்துக் காத்தது. கோவலன் குலத்து முன்னோன் ஒருவனும் கலமுடைந்து நடுக்கடலில் தவித்தபொழுது அதனாற் பிழைத்தான். அந்நன்றி மறவாது கோவலன் தன் மகளுக்கு மணிமேகலை என்று பெயரிட்டான். சபித்ததற்காக எவரும் தம் குழந்தைக்கு அப்பெயரை இடவில்லை.

பூம்புகார்க் கடலோரத்தில் அலை வந்து மீளும் இடத்தே செங்கற் கட்டடங்களையும் உறைகிணறுகளையும் ஆராய்ச்சியாளர் கண்டுள்ளனர். கரை அரிப்புண்டு கடல் உள்வந்தது என்பதற்கு அவை சான்று. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை அதே கரையைத் தாக்கியது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் மாண்டனர். அவர்கள் எந்த விழாவை நிறுத்தினர்? கடலடித் தரை சுமத்திராவின் அருகே பிளந்து எழுந்தது, அவ்வளவே. வேளாங்கண்ணிக்குத் திருநாளை ஒட்டி வழிபட வந்தோரும் அவ்வலையில் இறந்தனர் என்பதை நினைவு கூர்க.

இனி நம் திருக்கோயில்கள் கூறுவது காண்போம். சீகாழிக்குப் பன்னிரண்டு பெயருண்டு. அவற்றுள் ஒன்று தோணிபுரம். ஊழி வெள்ளம் எல்லாவற்றையும் மூடியபொழுது, இறைவன் உமையொடு தோணியில் ஏறி, கலைகளைச் சுமந்து வந்து அங்குத் தங்கினான் என்பது தலவரலாறு. கீழே பிரமபுரீசர், இடைத்தளத்தே தோணியப்பர், மேலே சட்டைநாதர் என மூன்று நிலை அங்குண்டு. படியேறித் தோணியப்பரைக் கண்டார் அறிவர்; குழந்தைகளுக்கு அம்மையப்பர் அங்கே படகில் இருப்பவராகவே தோன்றுவர். கும்பகோணமோ, படைப்பு வித்துக்களை வைத்த குடம் வெள்ளத்தில் மிதந்து வந்து தங்கிய இடம் என்று பெயர் பெற்றது. வெள்ளத்தைக் கொண்டு இறைவனுக்கு நம் முன்னோர் பெயரிட்டபொழுது, அலைக்கு அப்பெயரை இடவில்லை. தோணிக்கும் குடத்துக்குமே இட்டனர்.

நம் நாமக்கல் மலையை எடுத்துக்கொள்க. அம்மலையிற் குடைந்த இரு கோயில்களும் அதியர் மரபினர் காலத்தன. 8ஆம் நூற்றாண்டின என்பர். கிழக்கே அரங்கநாதர் பாம்பணையிற் கிடக்கின்றார். ஊழி நீரின்மேல் இறைவன் துயிலும் கோலம் அது. உலகம் அவன் வயிற்றுள் அடங்கிப் பாதுகாவலாக இருக்கும் காலம். மேற்கே நரசிங்கர் குடைவரையில், பன்றி வடிவெடுத்து நீரில் மூழ்கிய நிலமகளை மேலே தூக்கிய வராகரின் சிற்பம் உண்டு. ஆண்டுதோறும் மாணாக்கரை அழைத்துச் செல்லும்பொழுது, "ஐயா, மூழ்கடித்தது யார்?" என்று எவனேனும் கேட்பான். கதைப்படி இரணியாக்கன் என்பேன். கல்லிற் செதுக்கியவன் தூக்குவதையே செதுக்கினான். நீருக்குள் புக அஞ்சாத விலங்கு, சேற்றில் அருவருப்பு இல்லாத விலங்கு, பன்றி. இறைவனுக்கு அவ்வடிவம் தகுமா என்று கூசாத துணிவு அக்காலத்தார்க்கு இருந்தது.

இனி, யான் அன்று கூட்டத்திற் கூறிய கதைக்கு வருகின்றேன். திருவிளையாடலில் வரும் வந்தியின் கதை நம்மிற் குழந்தைகளும் அறிந்தது. ஆயினும் அதனை வரிக்கணக்கு நோக்கி நாம் படித்ததில்லை. வையை பெருகிக் கரை உடைத்தது. பாண்டியன் கரையைப் பங்கிட்டு, ஒவ்வொரு குடியும் தன் பங்கை அடைக்க வேண்டுமென்று ஆணையிட்டான். இது தலைக்கட்டு வரியேயன்றி வேறன்று. பிட்டு விற்றுப் பிழைக்கும் வந்தி, துணை ஒருவரும் இல்லாத கிழவி. அவளுக்கும் ஒரு பங்கு விழுந்தது. ஆளில்லாத வீடு என்று கணக்கர் விலக்கவில்லை. அப்பொழுது கூலியாள் ஒருவன் கூடையும் மண்வெட்டியுமாக வந்து, உதிர்ந்த பிட்டே கூலியாக அவள் பங்கை ஏற்றான். அவன் ஆடினான், பாடினான், உறங்கினான். வேலை முடியவில்லை என்று அரசன் பிரம்பால் அடித்தான். அவ்வடி அரசன் முதுகிலும் எல்லா உயிர் முதுகிலும் பட்டது.

இங்கே அறிவுடையோர் ஒருவர் எழுந்து, "அவ்வெள்ளத்தை வையையில் விடுத்தவனும் சிவபெருமானே அன்றோ?" என்று கேட்கலாம்; கேட்டும் விட்டனர். உண்மைதான். மணிவாசகரைப் பாண்டியன் சுடுமணலில் நிறுத்தி வருத்தியமையால் இறைவன் வெள்ளம் விடுத்தான் என்றே அந்நூல் கூறுகின்றது. இதனை மழுப்புதல் கூடாது. அரசன் செய்த பிழைக்கு ஆறு பெருகியது. பெருகிய ஆற்றின் சுமையோ வந்தி தலையில் வந்தது. இம்முறைகேடு கதையாசிரியர் கண்ணிலும் பட்டிருக்கின்றது. பட்டமையாலன்றோ, இறைவனை அரசன் மாளிகைக்கு அனுப்பாது, வந்தியின் பங்கு கிடந்த கரையிலே கூலியாளாகக் கொண்டுவந்து நிறுத்தினார்! வெள்ளம் விடுத்தவன் அவன் என்று ஒரு மூச்சிற் கூறியவர், அடுத்த மூச்சில் மண் சுமந்தவனும் அவனே, அடி பட்டவனும் அவனே என்று கூறாமல் அமைய முடியவில்லை. வெள்ளத்திற்கு எத்தனை காரணங் கூறினும், அதனுள் அகப்பட்ட கிழவியின் பக்கமே இறைவன் நிற்பான் என்ற இடத்தில் அவர் உள்ளம் உறுதியாக நின்றது.

நம் சைவ நூலார் ஊழியைப் பற்றிக் கொண்ட கருத்தும் இதனோடு பொருந்துவதே. மெய்கண்டார் தம் சிவஞானபோதத்தில், உலகை ஒடுக்குபவனே அதற்கு முதல் என்று நிறுவித் தொடங்குகின்றார். அவ்வொடுக்கம் சினத்தாற் செய்வதன்று. பிறந்து இறந்து களைத்த உயிர்கட்கு இளைப்பாறுதல் தருவது என்பர் அவ்வழியினர். நாள் முழுதும் உழைத்தவனுக்கு இரவு எவ்வாறோ அவ்வாறு. இது பேரூழிக்குரிய தத்துவம்; பள்ளிபாளையத்து வீட்டுக்குள் வந்த நீருக்கு இதனைச் சொல்லி ஒருவரை அடக்குதலும் தவறே. தாரும் நூலும் நனைந்து கிடக்க, இஃது உமக்கு இளைப்பாறுதல் என்று எவன் சொல்வான்?

அவ்வாறாயின் நம் ஊர்க்கு வந்த வெள்ளம் எவ்வாறு வந்தது? குடகிலும் வயநாட்டிலும் தென்மேற்குப் பருவமழை மிகுதியாகப் பெய்தது. கிருட்டினராசசாகரமும் கபினியும் நிரம்பின. அந்நீர் மேட்டூர்க்கு வந்தது. மேட்டூர் முன்னரே நிரம்பியிருந்தமையால் வந்ததை வந்தபடி விட்டனர். 1924ஆம் ஆண்டு சூலையில் வந்த வெள்ளத்தோடு ஒப்பிட்டால் இது பாதியளவும் இராது. அன்று நாலரை லட்சம் கன அடியளவு வந்தது என்பது கணக்கு. என் அம்மாயியின் தாயார் அவ்வெள்ளத்தைக் கண்டவர். தறிக்குழி முதலில் நிரம்பிற்று, பின்னரே வாயிற்படி நனைந்தது என்று அவர் சொன்னதாக அம்மாயி சொல்வார். வெள்ளம் வடிந்தபின் தறிக்குழியில் மீன் இருந்ததாம். அதனைப் பிடித்தார்களா, விட்டார்களா என்று கேட்டால் அம்மாயி சிரிப்பார்.

அவ்வெள்ளத்திற்கு மறு ஆண்டே, 1925இல், மேட்டூர் அணைவேலை தொடங்கியது, 1934இல் முடிந்தது. வெள்ளத்தைத் தடுத்துத் தஞ்சைக்குப் பாசனம் தர எழுந்த அவ்வணை, தானே ஒரு வெள்ளமும் ஆயிற்று. மேலேயிருந்த ஊர்கள் பல அதனுள் மூழ்கின. கோடையில் நீர் மிகத் தாழும் ஆண்டுகளிற் பண்ணவாடிப் பக்கம் செல்வீராயின், பழைய சலகண்டேசுரர் கோயில் நந்தி நீர்மேல் தலைகாட்டுவதைக் காணலாம்; கிறித்தவக் கோயிலின் இரட்டைக் கோபுரமும் தெரியும். சிவாலயமும் தேவாலயமும் ஒரே நீருள் இருக்கின்றன. அங்கிருந்து பெயர்ந்த குடிகள் எக்குற்றமும் செய்தவர்களல்லர். கீழேயுள்ள நாம் நனையாதிருக்கவும் நெல் விளையவும் அவர்கள் தம் ஊரைக் கொடுத்தனர். அவர்கட்கு நாம் செலுத்த வேண்டிய வரியை எவரும் இதுவரை கணக்கிட்டதில்லை.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். ஆற்றுக்கு மிக அணுக வீடு கட்டியிருப்பவர் யார்? மேட்டில் மனை வாங்க வலியில்லாதவர். நீர் எவர் வீட்டுட் புகுந்தது என்பதைக் காட்டுவது தெய்வச் சினத்தின் அளவன்று, மனையின் விலையளவே.

இவையெல்லாம் கூறினமையால் விழா வேண்டா என்று யான் கூறுவதாக எவரும் கொள்ளற்க. ஈராண்டு அடைபட்டுக் கிடந்த ஊர் மீண்டும் கூடுதற்குப் பூச்சாட்டினும் சிறந்த வாயில் இல்லை. ஆத்தாளுக்கு விழா எடுப்பது அவள் சினத்துக்கு அஞ்சியோ, அவள் ஊர்த்தாய் என்ற உரிமை பற்றியோ என்பதே என் கேள்வி.

ஆவணிக் கூட்டத்தில் இவ்வளவும் யான் பேசவில்லை. வந்தியின் பங்கைப் பற்றி மட்டும் பேசி அமர்ந்தேன். சிறிது நேரம் எவரும் பேசவில்லை. பின் அப்பெரியவர் எழுந்து, "வாத்தியார் சொல்றது சரிதானுங்க. ஆனாக் கணக்குன்னா கணக்குத்தான், ஒரு தலைக்கட்டையும் விட்டு எழுத முடியாது" என்றார். என் முயற்சி வீணாயிற்று என்றே எண்ணினேன். அவர் மடியிலிருந்து பணத்தை எடுத்து எண்ணி, அம்மூதாட்டியின் பெயர்க்கு நேரே வரவு வைக்குமாறு கணக்கெழுதுவோரிடம் கொடுத்தார். அதன்பின் நீர் புகுந்த ஏனைய வீடுகளின் வரியையும் மேட்டுத் தெருவார் ஒருவர் ஒருவராக ஏற்றுக்கொண்டனர். அழைப்பிதழிற் 'பரிகார விழா' என்று அச்சிடுவதா என்பது பற்றி வேறொரு பூசல் எழுந்து, இரவு பதினொரு மணி வரை நடந்து, 'ஆண்டு விழா' என்பதில் முடிந்தது.

செய்தி மறுநாள் மூதாட்டியார்க்கு எட்டியது. பெரியவர் அவ்வழியே சென்றபொழுது, "எனக்குக் கூலி பிட்டுத் தானுங்க, உதிர்ந்திருந்தாலும் பரவாயில்லை" என்று நகைத்தாராம். வாயிலிற் சேறு வழித்துக்கொண்டிருந்த அவர் நிமிர்ந்து, "மாவு இடிக்கோணுமே, உரல் இன்னும் சேத்துக்குள்ள கெடக்குதுங்க, வந்து ஒரு கை புடிச்சுத் தூக்குங்க" என்றாராம்.